வேறு வேறு கம்பெனியில் ஹை-ஃபை செட் சேர்ப்பது: முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

எங்கள் அப்பா காலத்தில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவர் கையில் ஒரு டூ-இன்-ஒன் இருக்கும். கொஞ்சம் வசதி வந்ததும் ரேக் சிஸ்டம் வந்தது. ஒரே ஜப்பான் கம்பெனியின் ட்யூனர், கேசட் டெக், ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப், மேல்தட்டில் இசைத்தட்டு சுற்றும் டர்ன்டேபிள், முன்னால் கண்ணாடிக் கதவு. அந்தப் பழக்கத்தால்தான் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இது: "எல்லாம் ஒரே பிராண்டா இருந்தாத்தானே சரியா வரும்?"

அப்படி இல்லை. நல்ல ஸ்பீக்கர் செய்கிற சில கம்பெனிகள் ஆம்ப் பக்கமே போவதில்லை. பிரிட்டனின் ஹார்பெத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை ஸ்பீக்கர்கள். டென்மார்க்கின் ஆர்டோஃபோனுக்குப் பெயர் வாங்கித் தந்தவை அதன் கார்ட்ரிட்ஜ்கள், அதாவது இசைத்தட்டு ஊசி இருக்கும் சின்னக் கட்டைகள். கச்சேரியில் பாடகர் ஒரு பாணி, வயலின்காரர் இன்னொரு குருவிடம் படித்தவர், மிருதங்கம் மூன்றாவது ஊர். மூவருக்கும் சுருதி ஒன்றாக இருந்தால் போதும். ஹை-ஃபையிலும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் இடத்தில்தான் சுருதி சேர வேண்டும். அந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. பார்க்க வேண்டிய எண்கள் எல்லாம் மேனுவலிலேயே இருக்கும்.

1. அறையிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலோர் ஆம்பிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அறையிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் மாற்ற முடியாதது அதுதான். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீட்டு ஹாலில் சோபாவுக்கும் டிவி சுவருக்கும் இடையே சுமார் 3 மீட்டர் இருக்கும். சுவர் கான்கிரீட், தரை டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே 3 மீட்டர் என்றால் 58 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், 4 மீட்டர் என்றால் 44 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு இத்தனை அதிர்வு) பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, ஊதிப் பெரிதாகும். பெரிய தரை ஸ்பீக்கரை அங்கே கொண்டுபோய் வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஒரே "கும்" ஆகி, பாட்டு நகர்ந்த பிறகும் நின்றுகொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட ஹாலுக்கு 5 அல்லது 6 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கூம்பு) கொண்ட சின்ன ஸ்பீக்கரும் உறுதியான ஸ்டாண்டும் போதும். பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கர் என்றால் சுவரிலிருந்து 30 செ.மீ. ஆவது தள்ளி வைக்க இடம் வேண்டும். தள்ள வழியில்லாதவர்கள் துளை முன்பக்கம் உள்ளதையோ மூடிய பெட்டியையோ பாருங்கள். தரையில் ஒரு கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை: பல கேபிள்கள் செய்யாததை இவை இரண்டும் செய்யும்.

இரவு நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம் போகாமல் பார்த்துக்கொள்ள வீவக கேட்டுக்கொள்கிறது. குறைந்த சத்தத்திலும் நிறைவாகக் கேட்கிற ஸ்பீக்கர்தான் இந்த ஊருக்குப் பொருந்தும். கடையில் கேட்கும்போது மெதுவாக வைத்தும் கேளுங்கள்.

2. ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்

மிக அதிகமாகத் தப்பு நடப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஜூரோங் வெஸ்ட்டில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் போட்டது) மீது ஆசைப்பட்டு, 8 வாட் தருகிற 300பி வால்வ் போட்ட ஆம்ப் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஸ்பீக்கர், பிபிசியின் எல்எஸ்3/5ஏ வடிவமைப்பைப் பின்பற்றிய சின்னப் பெட்டி. இரண்டும் தனித்தனியே அருமையானவை. ஒரு சனிக்கிழமை போன் செய்தார்.

"அண்ணே, நாகஸ்வரம் மட்டும் வாசிக்கிறப்ப அமிர்தமா இருக்கு. தவில் சேர்ந்தா துணி கிழியற மாதிரி ஒரு சத்தம். ஸ்பீக்கர் போயிடுச்சா?"

போய்க் கேட்டேன். வலது கைக் கூட்டின் விரல்வீச்சு ஓரளவு வந்தது. இடது கைக் கழி ஓங்கி விழும் ஒவ்வொரு முறையும் அடி தட்டையாகி, ஓரத்தில் ஒரு கரகரப்பு. மறுநாள் என் 60 வாட் ஆம்பைப் பெட்டியில் உருட்டிக்கொண்டு போய் அதே ஸ்பீக்கரில் மாட்டினோம். கழி தோலைத் தொடுவதும், தோல் அதிர்வதும், அந்த அதிர்வு அடங்குவதும் தனித்தனியாகக் கேட்டன. தம்பி எழுந்து போய் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டார். ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை, ஆம்புக்கும் ஒன்றுமில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். எல்எஸ்3/5ஏ வகையின் சென்சிட்டிவிட்டி சுமார் 83 டெசிபல். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் என்று பொருள். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். 10 மடங்கானால் 10 டெசிபல் கூடும், காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். ஆக 8 வாட்டில் 92. சோபா வரை வருவதற்குள் ஏறத்தாழ 6 குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும்: 89. சராசரி 75 டெசிபலில் கேட்டாலும் தவில் அடி ஒரு கணம் அதைவிட 20 டெசிபல் மேலே எழும். 95 கேட்கிற இடத்தில் 89தான் இருந்தால் ஆம்ப் அலையின் தலையை வெட்டிவிடும். 60 வாட் ஆம்ப் என்றால் அதே கணக்கில் 98 வரும். அதே 8 வாட்டை 95 டெசிபல் ஸ்பீக்கரில் மாட்டியிருந்தால் 101.

சென்சிட்டிவிட்டி எண்ணில் ஒரு நுணுக்கம் உண்டு. சில கம்பெனிகள் 1 வாட்டுக்கு என்று சொல்லும், சில 2.83 வோல்ட்டுக்கு என்று சொல்லும். 8 ஓம் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். அதனால் 3 டெசிபல் கழித்துப் பாருங்கள்.

அடுத்தது ஓம். பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று போட்டிருப்பது பெயரளவு எண். ஸ்வரம் மாற மாற இம்பீடன்ஸ் (ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) ஏறி இறங்கும். சர்வதேசத் தரப்படி குறைந்தபட்சம் பெயரளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, அதாவது 8 ஓமுக்கு 6.4. நடைமுறையில் 8 ஓம் என்று எழுதி 4க்குக் கீழே இறங்குகிற ஸ்பீக்கர்கள் உண்டு. ஆகவே மேனுவலில் குறைந்தபட்ச இம்பீடன்ஸைத் தேடுங்கள். அது 3 பக்கத்தில் இருந்தால் 4 ஓமுக்கு வாட் கணக்குக் கொடுத்திருக்கிற ஆம்பையே வாங்குங்கள். 8 ஓமில் 60 வாட்டும் 4 ஓமில் 100க்கு மேலும் தருகிற ஆம்பின் பவர் சப்ளை நல்ல பலமுள்ளது. 4 ஓம் பற்றி வாயே திறக்காத ஆம்பைக் கஷ்டமான ஸ்பீக்கரோடு சேர்க்காதீர்கள்.

வால்வ் ஆம்பின் பின்னால் 4, 8 என்று தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கருக்கு ஏற்றதில் மாட்டி, இரண்டையும் முயன்று பார்த்து, காதுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் வால்வ் ஆம்பைப் போடவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேபிளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, இரண்டு பக்கமும் ஒரே நீளம். 3 மீட்டருக்குப் போய்வரும் மின்தடை சுமார் 0.04 ஓம்தான். ஒரு விதிவிலக்கு: நேய்ம் கம்பெனியின் பல பவர் ஆம்புகளுக்குக் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டிகள்) குறைந்தபட்சக் கேபிள் நீளத்தை அவர்களே சொல்கிறார்கள், கேபிளையும் சேர்த்துக் கணக்கிட்டு அவற்றை வடிவமைத்ததால். அவற்றை வாங்குகிறவர்கள் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும்.

3. சிடி, ஸ்ட்ரீமர், டிவி

இந்தப் பகுதி சுலபம். சிடி பிளேயர், டேக் (டிஜிட்டலை ஒலியலையாக மாற்றும் பெட்டி) எல்லாம் ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை பிளக்) வழியாக ஏறத்தாழ 2 வோல்ட் தரும். எந்தக் கம்பெனி ஆம்பும் அதை வாங்கிக்கொள்ளும். சிடியே 1982இல் சோனியும் பிலிப்ஸும் கூடிக் கொண்டுவந்ததுதான். டிஜிட்டல் கேபிள் வழிக்கு எஸ்/பிடிஐஎஃப் என்று பெயர் வந்ததும் அந்த இரண்டு கம்பெனிகளின் முதலெழுத்துகளால்.

ஒரு சின்னக் கணக்கு மட்டும். பல பவர் ஆம்புகள் உள்ளே வருகிற வோல்ட்டை 20 மடங்காக்கும். 2 வோல்ட் போனால் 40 வோல்ட், 8 ஓமில் அது 200 வாட். உங்கள் ஆம்ப் 60 வாட் என்றால் வால்யூமைக் கால்வாசி திருகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அது பழுதில்லை, இயல்பு. ஸ்ட்ரீமரில் (இணையத்திலிருந்து பாட்டெடுக்கும் பெட்டி) தனி வால்யூம் இருந்தால் அதை முழு அளவில் நிலையாக வைத்துவிட்டு ஆம்பில் மட்டும் திருகுங்கள். ஆனால் ஆம்ப் நிஜமாகவே வால்யூம் உள்ளதுதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். முழு அளவில் வைத்த ஸ்ட்ரீமரை நேரே பவர் ஆம்பில் மாட்டினால் ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலிக்கான சின்னப் பகுதி) போய்விடலாம்.

டிவியை எச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது ஆப்டிக்கல் கேபிளில் இணைக்கலாம். ஆப்டிக்கலில் மின்தொடர்பே இல்லை, வெளிச்சம் மட்டும்தான் போகிறது. இதன் அருமை கடைசியில் இரைச்சலைப் பற்றிப் பேசும்போது புரியும்.

4. இசைத்தட்டு

டர்ன்டேபிள் வாங்குகிறவர்களுக்கு மூன்று சந்திப்புகள் உள்ளன: கார்ட்ரிட்ஜுக்கும் அதைத் தாங்கும் கையான ஆர்முக்கும், கார்ட்ரிட்ஜுக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்கும், ஃபோனோ ஸ்டேஜுக்கும் ஆம்புக்கும்.

கடைசியிலிருந்து வருவோம், ஏனென்றால் எல்லோரும் தடுமாறுவது அங்கே. சிடி 2 வோல்ட் தருகிறது என்றால், சாதாரண மூவிங் மேக்னட் (காந்தம் அசைவது) கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் (கம்பிச்சுருள் அசைவது) அதிலும் பத்தில் ஒரு பங்கு. அதைப் பெரிதாக்கி, தட்டில் வெட்டும்போது குறைத்த பேஸைத் திரும்ப ஏற்றித் தருவதுதான் ஃபோனோ ஸ்டேஜ். இப்போது பல டர்ன்டேபிள்களுக்குள்ளேயே அது இருக்கிறது. உள்ளே இருப்பதைப் போட்டுவிட்டு ஆம்பின் ஃபோனோ துளையிலும் மாட்டினால் இரண்டு முறை பெரிதாக்கிய சத்தம் உறுமும். ஒரு தடவை மட்டும்: டர்ன்டேபிளில் ஃபோனோ ஸ்டேஜ் ஆன் என்றால் ஆம்பில் ஆக்ஸ் அல்லது லைன் என்று எழுதிய துளை. ஆஃப் என்றால் ஆம்பில் ஃபோனோ.

மூவிங் மேக்னட்டுக்கு 47 கிலோ ஓம் என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொது, சுமார் 40 டெசிபல் பெருக்கம் போதும். மூவிங் காயிலுக்கு 60 டெசிபல் பக்கம் வேண்டும். 1960களிலிருந்து வருகிற டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான். அதைச் சாதாரண ஃபோனோ துளையில் மாட்டினால் வால்யூம் முழுக்கத் திருகியும் கிசுகிசுக்கும்.

இனி ஆர்ம். கார்ட்ரிட்ஜின் ஊசி ஒரு ஸ்பிரிங் மீது நிற்பது மாதிரி. ஆர்மின் எடை, கார்ட்ரிட்ஜின் எடை, ஸ்பிரிங்கின் இளக்கம் மூன்றும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். கீழே போனால் தட்டின் வளைவுக்கே ஊசி துள்ளும், மேலே போனால் பாட்டின் பேஸைத் தொடும். எடைகளைக் கிராமில் கூட்டி, இளக்கத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுக்க வேண்டும். 11 கிராம் எடைக் கணக்குள்ள ஆர்மில் 7.2 கிராம் ஆர்டோஃபோன் 2எம் ரெட், திருகுக்கு அரை கிராம்: கூட்டினால் 18.7. இளக்கம் 20. பெருக்கினால் 374, வர்க்கமூலம் 19.3. விடை 8.2 ஹெர்ட்ஸ். பொருந்துகிறது. ஜப்பான் கார்ட்ரிட்ஜ் என்றால் கவனம்: இளக்கத்தை அவர்கள் 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவார்கள், இந்தக் கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் எண். ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. ப்ரீ-ஆம்பும் பவர் ஆம்பும் தனித்தனியாக

ப்ரீ-ஆம்ப் சிடியா டிவியா என்று தேர்ந்து வால்யூம் திருகும் பெட்டி, பவர் ஆம்ப் ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி. புதியவர்களுக்கு என் யோசனை, ஆரம்பத்தில் இரண்டும் சேர்ந்த இன்டகிரேட்டட் ஆம்பே வாங்குங்கள். ஒரு சந்திப்பு குறையும். பிரித்து வாங்கியே ஆக வேண்டும் என்றால், பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் ப்ரீ-ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல 10 மடங்காவது இருக்க வேண்டும். வால்வ் ப்ரீ-ஆம்ப் 2 கிலோ ஓம், பவர் ஆம்ப் 10 கிலோ ஓம் என்றால் பேஸ் மெலிந்து போகலாம். 47 கிலோ ஓம் என்றால் நிம்மதி.

சில கம்பெனிகளின் பெட்டிகள் கலக்க ஒத்துக்கொள்ளாது. பல நேய்ம் ப்ரீ-ஆம்புகள் மின்சாரத்தையே அதே கம்பெனியின் பவர் ஆம்பிலிருந்து வாங்கிக்கொள்ளும். இணைப்பும் ஆர்சிஏ இல்லை, பல பின் உள்ள வட்டமான டின் பிளக். மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளில் பெரும்பாலான கம்பெனிகளுக்கு 2ஆம் பின் பாசிட்டிவ், ஜப்பானின் அக்யூஃபேஸுக்கு 3ஆம் பின். கலந்தால் எதுவும் கெடாது, ஒலியின் திசை தலைகீழாகும். இரண்டு ஸ்பீக்கரிலும் கம்பியை மாற்றி மாட்டினாலே சரியாகிவிடும்.

6. மின்சாரம்

சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். பழைய ஜப்பான் ஆம்ப் மலிவாகக் கிடைத்தால் முதலில் பின்பக்கம் திருப்பி வோல்ட்டைப் படியுங்கள். 100 என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றி மாட்டினால் அது ஒரு நிமிடம்கூடப் பிழைக்காது. 230இலிருந்து 100க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஆம்ப் இழுக்கும் மின்சாரம் என்று பின்னால் போட்டிருக்கிற வாட்டைவிட ஒன்றரை மடங்காவது தாங்குவதாக. சாமான்களுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் ஏறி இறங்கிப் பார்க்கலாம். அடாப்டர் வாங்கினால் சேஃப்டி மார்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

டர்ன்டேபிளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. பழைய ஏசி மோட்டார்கள் ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடுபவை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை இங்கே ஓட்டினால் 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8தான் சுற்றும். பாடகியின் குரல் மூன்று ஸ்வரஸ்தானம் கீழே போய்விடும்.

7. கடையில் கேட்பது, பழையதைப் பார்ப்பது

சிட்டி ஹால் எம்ஆர்டிக்குப் பக்கத்தில், கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கிற தி அடெல்ஃபியில் ஹை-ஃபை கடைகள் அடுத்தடுத்து உள்ளன. வாங்காவிட்டாலும் ஒரு மதியம் போய்க் கேளுங்கள். உங்கள் பாட்டை நீங்களே எடுத்துப் போங்கள். நான் எடுத்துப்போவது நாலு: ஒரு தம்புராவும் குரலும் மட்டும், ஒரு மிருதங்கத் தனி, ஒரு நாகஸ்வரம், பேஸ் கித்தார் நடக்கிற ஒரு 80களின் இளையராஜா பாட்டு. தம்புராவில் நான்கு தந்தியும் தனித்துக் கேட்கிறதா, "ஸ்" வரும் சொற்கள் காதைக் குத்துகின்றனவா, மிருதங்கத்தில் வலந்தலையின் சாப்பும் தொப்பியும் ஒரே மனிதன் மடியில் இருந்து வருவதுபோல் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது போனில் சத்தமானி ஆப் வைத்து இரண்டையும் சமமாக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும். இந்த ஒன்றில் ஏமாறாதவர்கள் குறைவு.

பழையதை வாங்குகிறவர்கள் டார்ச் எடுத்துப் போங்கள். ஆண்டு முழுதும் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சுற்றி இருக்கிற ஊர் இது. வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் லேசாகத் தொடுங்கள். மாவாக உதிர்ந்தால் வளையம் மாற்றியாக வேண்டும். ரப்பர் வளையம் அதிக நாள் நிற்கும். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் சுத்தம் செய்தால் பல நேரம் சரியாகும். ஆர்சிஏ துளைகளில் பச்சை பூத்திருந்தால் விலை பேசுங்கள். அட்டைப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டிலுள்ள பாம் ஷெல்டர் அறையில் வையுங்கள், வீடு மாறும்போது கை கொடுக்கும்.

8. மாட்டும் நாள்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள். வால்யூம் பூஜ்யம். போடும்போது சிடி, டேக் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். வால்வ் ஆம்புக்கு மேலே ஒரு சாண் இடம் விடுங்கள், மூடிய டிவி அலமாரிக்குள் தள்ளாதீர்கள்.

முதல் சோதனை மோனோ பாட்டு. பழைய திரைப்பாடல் எதுவும் ஆகும். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஆள் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். எங்கே என்று சொல்ல முடியாமல் அறை முழுக்கப் பரவி, பேஸும் காணாமல் போனால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது.

அடுத்தது இரைச்சல். கலந்து வாங்கிய செட்டில் "ம்ம்ம்" என்ற தாழ்ந்த ஓசை பெரும்பாலும் எர்த்தால் வருகிறது: இரண்டு பெட்டிகள் தனித்தனியாக எர்த் ஆகி, நடுவே கேபிளிலும் இணைந்து வளையமாகிவிடும். எல்லா சோர்ஸ் கேபிளையும் கழற்றுங்கள். ஆம்ப் மட்டும் அமைதியாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் அணைத்து அணைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். ஓசை வந்த இடம்தான் குற்றவாளி. டிவி என்றால் ஆப்டிக்கலுக்கு மாறுங்கள். டர்ன்டேபிள் என்றால் தனியாகத் தொங்கும் அந்த மெல்லிய எர்த் கம்பி, ஆம்பின் பின்னால் இருக்கிற ஜிஎன்டி திருகில் இருக்கிறதா பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து வரும் பலகையில் மாட்டினாலும் குறையும். மூன்று பின் பிளக்கில் எர்த்தைத் துண்டிக்க மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஆம்ப் உள்ளே பழுதானால் அதன் உலோகப் பெட்டியைத் தொடுகிற உங்கள் பிள்ளையைக் காப்பது அந்த ஒரு கம்பி.

கடைசியாக, வால்யூமை வழக்கமாகக் கேட்கும் அளவில் வைத்து, பாட்டு எதுவும் போடாமல், மின்விசிறியை நிறுத்திவிட்டு ட்வீட்டரிடம் காதைக் கொண்டுபோங்கள். ஒரு மெல்லிய "ஸ்ஸ்" இருக்கலாம். சோபாவில் வந்து உட்கார்ந்தால் அதுவும் கேட்கக்கூடாது. கேட்கவில்லை என்றால் தம்புராவைப் போடுங்கள்.